கைப்பிடியை இழுத்தவன் கோழையா?

(பட்டிமன்றத் தலைப்பு: நெருக்கடி நேரத்தில் பெரிதும் வேண்டுவது கடைசிவரை நிற்கும் உறுதியா? காலம் அறிந்து விலகும் தெளிவா? ‘விலகும் தெளிவே’ என்ற அணியில் கொருக்குப்பேட்டையில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா அருமையாகப் பேசினார்கள். நடுவர் மூணு தடவை மணி அடிச்சார். அம்மா அசையவே இல்லை. கடைசிவரை நிற்கிற உறுதின்னா என்னன்னு நேரிலேயே காட்டிட்டாங்க! (சிரிப்பு) நான் என் அணிக்கு விசுவாசமா இருக்கணும். அதனால முதல் மணி அடிச்சதும் விலகிடுவேன். (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, நான் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் இல்லை. இந்த மண்ணிலே கோலி ஆடினவன். நான் பையனா இருந்தப்போ எங்களுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்த ஊர் ரயில்வே கேட்தான். கூட்ஸ் வண்டி வரும், போகும், போன வண்டியே திரும்பிப் பின்னாலே வரும்! சைக்கிளைப் பிடிச்சிக்கிட்டு நிப்போம். நாங்களும் நிற்கத் தெரிஞ்சவங்கதான். ஆனா தண்டவாளத்து மேலேயே நிக்கிறவனை யாராவது உறுதியானவன்னு சொல்வோமா? “ஏம்பா, இன்னா பண்றே அங்கே?”ன்னு கையைப் பிடிச்சு இழுப்போமா இல்லையா? அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கிற அணிதான் எங்கள் அணி. (கைதட்டல்)

எதிரணியிலே புறநானூற்றை எடுத்தார்கள். வெண்ணிப் போரிலே முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் விட்ட வரலாற்றைச் சொன்னார்கள். அந்த மானத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அதே தமிழில்தான் வள்ளுவர் ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். சண்டைக் கடாவைப் பார் என்கிறார். முட்டுவதற்கு முன்னால் பின்னாலே போகும். அது பயந்து போகிற போக்கா? திரும்பி வந்து முட்டப் போகிற போக்கு! ஆக, பின்னால் போவதெல்லாம் புறமுதுகு இல்லை. எப்போது, எதற்காகப் போனான் என்பதை வைத்துத்தான் தீர்ப்பு.

இதைச் சொல்ல எனக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். போர் விமானம் ஓட்டுகிற பைலட்.

2025 நவம்பர் 14. நம்ம தாம்பரம் பக்கத்திலே, திருப்போரூர் அருகே விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. பிலாட்டஸ் என்கிற விமானம். ஜெட் இல்லை, முன்னாலே காற்றாடி சுற்றுகிற விமானம்தான். ஆனால் ஜெட்டில் இருக்கிற மாதிரியே ஆளைத் தூக்கி எறிகிற இருக்கை அதிலும் உண்டு. பைலட் கைப்பிடியை இழுத்தார். பாராசூட்டில் இறங்கினார். பிழைத்தார். மறுநாள் டீக்கடையிலே ஒருத்தர் பேப்பரைப் படிச்சிட்டு என்கிட்ட சொன்னார்: “பாத்தீங்களா சார், பல கோடி ரூபா விமானத்தை விட்டுட்டுக் குதிச்சிட்டான்!” சார், இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் நான் இன்னைக்கு மேடை ஏறியிருக்கேன்.

முதல்லே, அது குதிக்கிறது இல்லீங்க. பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி நெனச்சிடாதீங்க. இருக்கைக்குக் கீழே வெடிமருந்தும் ராக்கெட்டும் இருக்கு. கைப்பிடியை இழுத்தால் முதலில் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கூரை பறக்கும், இல்லே வெடித்து உடையும். அடுத்து ஆளோடு சேர்த்து நாற்காலி வெளியே வீசப்படும். அப்புறம் நாற்காலி கழலும். பாராசூட் விரியும். இத்தனையும் இன்றைய இருக்கைகளில் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். நான் இப்போ ‘நடுவர் அவர்களே’ன்னு சொன்ன நேரம்!

அந்த ஒரு கணத்தில் உடம்பின் எடை பதினாலு, பதினைந்து மடங்கு ஆனது போல அழுத்தம். எழுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். இந்த ஊர் கூட்ஸ் ஷெட்டிலே மூட்டை தூக்கின பெரியவங்க இங்கே உட்கார்ந்திருப்பீங்க. உங்களுக்குப் புரியும். நூறு கிலோ மூட்டை ஒன்றைத் தலையில் வைத்தாலே கழுத்து என்ன பாடு படும்? பத்து மூட்டையை ஒரே அடியாக வைத்து எடுத்தால்? முதுகு நேராக இல்லையென்றால் முதுகெலும்பு நொறுங்கும். நேராக இருந்தாலும் நொறுங்கலாம். சொகுசுக்காக எவனும் அந்தக் கைப்பிடியை இழுக்க மாட்டான் ஐயா!

1999-இல் கார்கில் போர். மே 27. ஃப்ளைட் லெஃப்டினன்ட் நச்சிகேதா ஓட்டிய மிக்-27 விமானத்தின் எஞ்சின் ஆகாயத்திலேயே அணைந்தது. வெளியேறினார். பிடிபட்டார். எட்டாவது நாள் திரும்பி வந்தார். முதுகிலே பட்ட அடியால் மறுபடி போர் விமானம் ஓட்ட முடியவில்லை. வீட்டிலே உட்கார்ந்தாரா? இல்லை. பெரிய சரக்கு விமானம் ஓட்டினார். அவர் விழுந்த இடத்தைத் தேடி அங்கேயே சுற்றிய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 ஏவுகணையில் அடிபட்டது. அவரும் வெளியேறினார். உயிரோடு திரும்பவில்லை. கைப்பிடியை இழுத்தவர்கள் எல்லாம் பிழைத்துவிடுவதும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவர் நண்பனுக்காக நின்ற நிலையும் பெரிது. அடிபட்ட பிறகு விலகிய தெளிவும் பெரிது. இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்தது.

இந்த நாற்காலி எப்படி வந்தது தெரியுமா? இங்கிலாந்திலே ஜேம்ஸ் மார்ட்டின் என்று ஓர் எஞ்சினீயர். அவருக்கு ஒரு கூட்டாளி, வாலன்டைன் பேக்கர். ஒருவர் விமானம் செய்வார், இன்னொருவர் ஓட்டிப் பார்ப்பார். 1942 செப்டம்பரில் பேக்கர் ஓட்டிய விமானத்தில் எஞ்சின் நின்றது. தரையிறங்கப் பார்த்தார், மோதி இறந்தார். மார்ட்டின் அழுதிருப்பார். ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. ‘இனி விமானம் போனாலும் ஆள் பிழைக்க வழி என்ன’ என்று அதன் பின்னாலேயே போனார். 1946 ஜூலை 24-இல் பெர்னார்ட் லின்ச் என்கிற தொழிலாளி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பறக்கிற விமானத்திலிருந்து முதல் சோதனைக்குத் தன்னையே வீசிக்கொண்டார். இன்றைக்கு அந்த இருவர் பெயரும் சேர்ந்த மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள் உலகம் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. நம்ம தேஜஸ் விமானத்திலும் அவர்கள் இருக்கைதான். பிழைத்தவர்களுக்கு ஒரு சங்கம் வைத்து, ஆளுக்கொரு கழுத்து டை கொடுக்கிறார்கள். நம்ம ஊரா இருந்தா என்ன கொடுப்போம்? மெமோ கொடுப்போம்! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

சிரிச்சீங்க. அந்த மெமோவிலேதான் என் வாதமே இருக்கு.

விமான விபத்துகளை ஆராய்ந்தவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் ஒரு சேதி உண்டு. நாற்காலி வேலை செய்யாமல் இறந்தவர்களைவிட, நேரம் கடந்து இழுத்ததால் இறந்தவர்களே அதிகம். இன்றைய இருக்கை, தரையில் நிற்கிற விமானத்திலிருந்துகூட ஆளைக் காப்பாற்றும். ஆனால் விமானம் வேகமாகக் கீழே பாய்ந்துகொண்டிருந்தால், அந்த நாற்காலியின் பலமெல்லாம் விழுகிற வேகத்தை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். தலைகீழாக இருந்தால் தரையைப் பார்த்தே வீசும். ஒரு விநாடி முன்னால் இழுத்தவன் வீட்டுக்கு வருவான். ஒரு விநாடி பின்னால் இழுத்தவன் படம் சுவரிலே தொங்கும்.

ஏன் தாமதிக்கிறான்? பயந்தா? பயந்தவன் சீக்கிரம் இழுத்திருப்பானே! தைரியசாலிதான் தாமதிக்கிறான். ‘இன்னொரு தடவை எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்போம்’ என்று தாமதிக்கிறான். ‘இத்தனை கோடி ரூபாய், மக்கள் பணம்’ என்று தாமதிக்கிறான். ‘தப்பு என் மேலேதானோ’ என்று தாமதிக்கிறான். ‘விசாரணையில் கேட்பார்களே, என்ன சொல்வது’ என்று தாமதிக்கிறான். கடைசி இரண்டும் எஞ்சின் கோளாறு இல்லை ஐயா. அது மனசிலே நாம ஏத்தி அனுப்பின சுமை!

அதனாலேதான் நல்ல விமானப் படைகளில் என்ன செய்கிறார்கள்? ஏறுவதற்கு முன்னாலே, தரையிலே உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். இந்த உயரத்துக்குக் கீழே விமானம் கட்டுப்படவில்லை என்றால் யோசிக்காதே, இழு. ஓடுபாதையை விட்டு எழும்பும்போது எஞ்சின் போனால் இது செய். முடிவு ஆகாயத்தில் எடுக்கப்படுவதில்லை. தரையில், நிதானமாக, காபி குடிக்கிற நேரத்தில் எடுக்கப்படுகிறது. மேலே போனபின் அதை நிறைவேற்றுகிறான், அவ்வளவுதான். இதைத்தான் என் அணி ‘தெளிவு’ என்று சொல்கிறது. தப்பித்தால் போதும் என்று தடுமாறி ஓடுவது வேறு. இந்தக் கோட்டைத் தாண்டினால் விலகுவேன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பது வேறு.

பேராசிரியை அம்மா நிர்மல்ஜித் சிங் சேகோன் பெயரைச் சொன்னார்கள். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு எதிரி விமானங்கள் குண்டு போடும்போது ஒரு சின்ன நாட் விமானத்தில் எழும்பிப் போரிட்டவர். விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். அந்தப் பெயருக்கு நானும் எழுந்து நிற்கிறேன். அம்மா, ஒன்றை மட்டும் பணிவாகச் சொல்கிறேன். கடைசி நொடியில் அவர் விமானத்தின் கண்ணாடிக் கூரை தனியாகப் பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது, போரிட வேண்டிய மட்டும் போரிட்டுவிட்டு அவரும் வெளியேறப் பார்த்தார். உயரம் போதவில்லை. அந்த மகாவீரனே கைப்பிடியைத் தேடினான் என்றால், அந்தக் கைப்பிடி கோழைக்காக வைத்தது இல்லை அம்மா! (கைதட்டல்)

இனி நம்ம பிள்ளைக்கு வருவோம். அபிநந்தன் வர்த்தமான், 2019-இல் விங் கமாண்டராக இருந்தவர். பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கத்திலே திருப்பணமூர். அப்பா சிம்மக்குட்டி வர்த்தமான், விமானப் படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர். மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ படம் 2017-லே வந்ததே, பாகிஸ்தானில் பிடிபட்ட பைலட் கதை, அதுக்கு ஆலோசனை சொன்னவரே அந்த அப்பாதான். இரண்டே வருஷத்தில் சினிமா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. 2019 பிப்ரவரி 27. மகனுடைய மிக்-21 அடிபட்டது. கைப்பிடியை இழுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கினார்.

மறுநாள் ராத்திரி அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் ஏறினார்கள். அவர்கள் யார் என்று தெரிந்ததும் பயணிகள் கைதட்டினார்கள். இறங்கும்போது வழிவிட்டு, அவர்களை முதலில் இறங்கச் சொன்னார்கள். மார்ச் 1-ஆம் தேதி இரவு மகன் வாகா எல்லையில் நடந்து வந்தார். நாம எல்லாரும் டி.வி. முன்னாலே உட்கார்ந்திருந்தோமே! அப்போ யாராவது “விமானம் எங்கேடா?”ன்னு கேட்டோமா? (பலத்த கைதட்டல்)

அதே வருஷம் செப்டம்பரில் அவர் மறுபடி மிக்-21 ஓட்டினார். கூடப் பறந்தவர் விமானப் படைத் தளபதி தனோவா. இறங்கியதும் தளபதி என்ன சொன்னார் தெரியுமா? தானும் 1988-இல் இப்படி வெளியேறியவன்தான் என்றார். தனக்குத் திரும்பப் பறக்க ஒன்பது மாதம் ஆனது, இவர் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டார் என்றார். யோசித்துப் பாருங்கள். 1988-இல் அந்த இளைஞர் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று ஒரு விநாடி தாமதித்திருந்தால் நாட்டுக்கு ஒரு தளபதி கிடைத்திருக்க மாட்டார். கடா பின்னாலே போனது எதுக்குன்னு இப்போ தெரியுதா?

எதிரணி வழக்கறிஞர் நண்பர் சும்மா இருக்க மாட்டார். “நீங்க குதிச்சிடுவீங்க, விமானம் யார் தலையிலே விழும்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. நான் ஒளிக்க மாட்டேன். 2002 மே மாதம் ஜலந்தரில் பைலட் வெளியேறிய மிக்-21 ஒரு வங்கிக் கட்டடத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2023 மே 8-ஆம் தேதி ராஜஸ்தான் ஹனுமான்கர் மாவட்டத்தில் பைலட் பிழைத்தார். கீழே கிராமத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். வீடும் வீடும் ஒட்டியிருக்கிற கொருக்குப்பேட்டையிலே நின்றுகொண்டு நான் இதை லேசாகப் பேச முடியாது. அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல என் அணியிடம் பதில் இல்லை. எந்த அணியிடமும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். 2025 மார்ச் 7. ஹரியானாவில் ஒரு ஜாகுவார் விமானம் பழுதானது. பைலட் அதை ஊர் இல்லாத பக்கமாகத் திருப்பினார். திருப்பிவிட்டு வெளியேறினார். ஒருவருக்கும் சேதம் இல்லை. பிறர் உயிருக்காக நிற்கும் அந்த நேரம் கடமை. அந்த நிலையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தக் கடமை முடிந்தபிறகும் இரும்புக்காக நிற்கிறானே, கௌரவத்துக்காக நிற்கிறானே, கேள்விக்குப் பயந்து நிற்கிறானே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆளுக்காக நில், இயந்திரத்துக்காக நிற்காதே!

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு சேதி. இது புத்தகத்திலே படிச்சது இல்லை.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. இந்த வட்டாரத்திலே ஒரு ஆலையிலே வேலை. பேர் வேண்டாம். நான் அப்போ எட்டாவது படிக்கிறேன். ஒருநாள் அவர் ஷிப்டிலே மோட்டார் பெல்ட் அறுந்துபோச்சு. சம்பளத்திலே பிடிச்சாங்க. மெமோ கொடுத்தாங்க. அந்த மெமோவை நாலா மடிச்சுச் சட்டைப் பையிலேயே வெச்சிருந்தார் அண்ணன். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு, ஒரு ராத்திரி அதே மோட்டார்லே தீப் பிடிச்சிடுச்சு. கூட இருந்தவங்க எல்லாரும் வெளியே வந்துட்டாங்க. உள்ளே வேற ஆள் யாரும் இல்லை. “வாடா, வாடா”ன்னு கத்தறாங்க. அண்ணன் வரலே. ஸ்விட்சை அணைச்சிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மோட்டாரை மூடப் போனார். ரெண்டு கையும் வெந்துபோச்சு.

ஆஸ்பத்திரியிலே ரெண்டாம் நாள் கண்ணு முழிச்சார். பக்கத்திலே பெரியம்மா. நான் கால்மாட்டிலே நிக்கிறேன். அண்ணன் முதல்லே கேட்டது தண்ணி இல்லே. “மோட்டார் போச்சாம்மா? என் கணக்கிலே எழுதுவாங்களா?”ன்னு கேட்டார்.

பெரியம்மா பள்ளிக்கூடம் பார்க்காதவங்க. ஒரு நிமிஷம் பேசலே. அப்புறம் கேட்டாங்க: “ஏன்டா, மோட்டாரையாடா நான் பெத்தேன்?”

(அமைதி)

அண்ணன் பிழைச்சார். ஆனா அந்தக் கையாலே அப்புறம் அவராலே சட்டைப் பொத்தான்கூடப் போட முடியலே. பெரியம்மாதான் போட்டுவிடுவாங்க. நான் டாக்டர் பட்டம் வாங்கினவன் சார். பெரியம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு மேலே எனக்கு ஒரு ஆராய்ச்சியும் தெரியலே.

ஆனா பெரியம்மா அதை ஆஸ்பத்திரியிலே சொன்னாங்க. ரெண்டு நாள் முன்னாலே வீட்டிலே சொல்லியிருந்தா? ஆறு மாசம் முன்னாலே, அந்த மெமோ வந்த ராத்திரி, “போனாப் போவுதுடா, இரும்பு வரும் போகும், நீ வந்து சேரு”ன்னு யாராவது சொல்லியிருந்தா? தீ முன்னாலே அந்தச் சொல் அவர் கையைப் பிடிச்சு இழுத்திருக்குமே! பைலட்டுக்குத் தரையிலேயே சொல்லி அனுப்பறாங்கன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான்.

அதனாலே இங்கே இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிவு வர்றதுக்கு முன்னாலேயே பிள்ளைகிட்ட சொல்லுங்க: “மார்க்கு போனா போவுது, நீ வீட்டுக்கு வா.” பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்னைக்கே சொல்லுங்க: “அடி விழுந்தா பொறுத்துக்கோ”ன்னு இல்லே, “கதவு திறந்தே இருக்கு, எந்நேரமும் வா.” கடன் வாங்கிக் கடை வெச்ச பையன்கிட்ட சொல்லுங்க: “கடை மூடினா மூடட்டும், நீ முகத்தை மூடிக்காதே.” ஆபத்து வந்தப்புறம் சொன்னா அது ஆறுதல். முன்னாலேயே சொன்னாத்தான் அது பாராசூட். (நீண்ட கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடிச்சாச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன், விலகறேன். நடுவர் அவர்களே! தீர்ப்புச் சொல்லும்போது புறநானூற்றையும் பாருங்கள், குறளையும் பாருங்கள். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் எங்க பெரியம்மா கேட்டதை ஒரு தடவை மனசுக்குள்ளே கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் அதுவே தீர்ப்பு.